காமகுவேயிலிருந்து திரும்பாத புறாக்கள்

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காமகுவேயில் பந்தயப் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். பத்துக்குள் அவை எங்கள் ஊரான கபைகுவானுக்கு வந்துவிட வேண்டும். மதியம் இரண்டாகியும் நான் அனுப்பிய மூன்றில் ஒன்றும் வரவில்லை. வானத்தில் மேகமே இல்லை.

எதிர்வீட்டு நெரெய்தா என் மாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள். காரணம் உண்டு. ஒரு காலத்தில் நான் பெட்டைப் புறாவைப் பறக்கவிட்டு, அடுத்தவர்களின் ஆண் புறாக்களை என் கூண்டுக்கு இழுத்தவன். அதை விட்டு நாலு வருஷமாகிறது. ஊர் மறக்கவில்லை.

படியேறி வந்துவிட்டாள்.

“எவேலியோ, என் சாம்பல் புறா எங்க?”

“சத்தியமா எனக்குத் தெரியாது.”

“உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. கூண்டைத் திற.”

ஒவ்வொரு புறாவின் கால் வளையத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் என்னுடையவை.

“நீ அனுப்பின மூணும் வரலையா?” என்று கேட்டாள்.

“வந்திருந்தா நான் ஏன் சோறுகூடத் திங்காம வெயில்ல நிக்கிறேன்?”

இருவரும் புறா சங்கத்துக்கு ஓடினோம். நூற்றெண்பதில் வந்தவை ஏழுதான். யாரோ பருந்து என்றார்கள்.

“அத்தனையையும் தின்ன அதுக்கு வயிறா, கிடங்கா?” என்றாள் நெரெய்தா.

இயற்பியல் வாத்தியார் தியோதோசியோ தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சூரியன்ல புயலாம். அதனால பூமியோட காந்தம் கலங்குமாம். புறா அதை வச்சுத்தானே திசை பார்க்குது.”

நெரெய்தா சங்கத்து மேசையிலிருந்த திசைகாட்டியை எடுத்துப் பார்த்தாள். ஊசி வழக்கம்போல் வடக்கில் நின்றது.

“இது கலங்கலையே, வாத்தியாரே?”

“அது ரொம்பச் சின்ன அசைவும்மா. ஊசிக்குத் தெரியாது.”

“புறாவுக்குத் தெரியுமா? அப்ப அந்த ஏழு எப்படி வந்துச்சு?”

“அதான் எனக்கும் புரியல.”

புதன்கிழமை அவளுடைய சாம்பல் என் மாடிச்சுவரில் வந்து இறங்கியது. இருபது அடி தள்ளி அதன் கூண்டு. கை தட்டினேன், விரட்டினேன். சொந்த வீட்டையே அந்நியமாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றது. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டேன்.

“உன் வீட்டுல ஏன் இறங்குச்சு?”

“அதையே கேளு. எனக்கும் தெரியணும்.”

அவள் புறாவுக்குத் தண்ணீர் வைத்தாள். என்னை நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். காமகுவே சாலையில் வீடு வீடாக நிறுத்தி, “வளையம் போட்ட மூணு புறா பார்த்தீங்களா? இவரோடது” என்று கேட்டாள். யாரும் பார்த்திருக்கவில்லை.