மூன்றாவது ஓட்டு

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் சனோபருக்குக் குமட்டியது. பக்கத்துத் தொட்டியில் ஊறும் நெல்லின் புளித்த நாற்றம் போதாதென்று, மூலையில் யாரோ பாக்கைக் குதப்பித் துப்பியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, ஜெனரல் மேனேஜர் லோகநாதன்தான். அந்த ரைஸ் மில்லில் கண்ட இடத்தில் துப்பும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் சர்வரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே தவிடு. ஃபேன் இறக்கைகளில் அப்பி, பவர் சப்ளையை முழுக்க அடைத்து, அதற்கு மேல் எலிப் புழுக்கை. மெஷின் மூச்சு முட்டித் தானாகச் செத்திருந்தது. ஆனால் லோகநாதன் போனில் சொன்ன கதை வேறு. எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடும் பாக்கியமேரி, அறையைக் கூட்ட வந்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டாளாம். எடை போடுகிறவளைத் தினமும் துடைப்பம் எடுக்க வைத்தது யார் என்று அந்தக் கதையில் வரவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கும் கிதர் முகம்மதுவின் மகள் சனோபர். ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. கொள்முதல், இருப்பு, லோடு அனுப்புவது என்று ஒரு நிறுவனத்தையே நடத்தும் சாப்ட்வேர் நிற்காமல் ஓட, சர்வர்களை ஜோடி சேர்ப்பது அவள் தொழில். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும். இந்த மில்லுக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள்தான் ஜோடி சேர்த்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை அது தாங்கவில்லை. அறுவடை நேரம், முப்பத்தெட்டு லாரிகள் வரிசையில் நின்றன. சாப்ட்வேரில் எடைச் சீட்டு விழாமல் ஒரு மூட்டையும் இறங்கக் கூடாது என்பது லோகநாதன் போட்ட சட்டம். கையால் எழுத வேண்டுமென்றால் அவர் உத்தரவு வேண்டும். அவரோ கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார், போனை எடுக்கவில்லை. மாசி மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை வேறு. தார்ப்பாய் போதாத லாரிகளில் விவசாயிகளின் நெல் ஊறிப்போனது. நாலு மணிக்கு அவர் வந்து தன் லேப்டாப்பைத் திறந்தார், எல்லாம் தானாக ஓட ஆரம்பித்தது. "நம்ம கைராசி அப்படி" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்துத் தலையாட்டினார்களாம். சீ.

கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. சனோபர் இரண்டாவது சர்வரின் பதிவைத் திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு பயம் இருந்தது என்பதுதான் உண்மை.

இந்த ஏற்பாட்டில் மூன்று ஓட்டுகள். சர்வர்களுக்கு ஆளுக்கொன்று, மூன்றாவது, சாட்சியாக வேறொரு கம்ப்யூட்டரில். ஒரு சர்வர் செத்தால், உயிரோடு இருப்பதும் சாட்சியும் சேர்ந்து இரண்டு ஓட்டு, வேலை நடக்கும். சாட்சியும் இல்லையென்றால் மிஞ்சிய சர்வர், 'ஒருவேளை தனியாக அறுந்து நிற்பது நான்தானோ' என்று தன்னையே நிறுத்திக்கொள்ளும். இரண்டும் ஆளுக்கொரு கணக்காக எழுதிவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. மெஷினுக்கு இருக்கும் அந்த அடக்கம் மனுஷனுக்கு இல்லை.

பத்து ஐந்துக்குச் சாட்சி காணாமல் போயிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு முதல் சர்வர் செத்தது. அதே நிமிடம் இரண்டாவது கையை மடக்கிக்கொண்டது. அந்தச் சாட்சி இருந்தது லோகநாதனின் லேப்டாப்பில். பத்து ஐந்துக்கு அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அவர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தக் காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டு ஆள் பொறுக்கிய ஊர் என்று உத்திரமேரூரில் பெருமைக்குக் குறைவில்லை. அந்த ஊர் மில்லில் ஓட்டு ஒருத்தர் கைப்பையில் பந்திக்குப் போய்வருகிறது.

"இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?" லோகநாதன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். "உனக்கு இன்னாத்துக்குக் கஷ்டம்னு ரிப்போர்ட்ட நானே டைப் அட்ச்சிட்டேன். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. மெட்ராஸ்லேர்ந்து மொதலாளி கேட்டுக்கினே கீறாரு."

சனோபர் படித்தாள். ஊழியரின் கவனக்குறைவு. பிளக் பிடுங்கப்பட்டது. உடனடி நடவடிக்கைக்குப் பரிந்துரை. எல்லாம் அவளே எழுதியதுபோல. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டியின் சீட்டைக் கிழிக்கத் தாளும் தயார்.

"பிளக் போட்ட இடத்துல அப்படியே இருக்கு சார். தவிடு அடைச்சுதான் செத்திருக்கு. பாக்கியமேரிக்காவே பிடுங்கியிருந்தாலும் ரெண்டாவது தாங்கியிருக்கணும். உங்க லேப்டாப் இல்லாததாலதான் நின்னுச்சு."

"அத்த அங்க வெச்சது யாரு?" அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "டெஸ்ட்டு பாஸுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீதான? அவ போனா வேற வூட்டுல வேல தேடிக்குவா. உன் பேரு கெட்டா நீ இன்னா பண்ணுவ? உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

சிரித்தார். பல்லிடுக்கில் சிவப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்த அருவருப்பில் பாதி அவர்மேல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சாட்சியை வைக்க அவள் கேட்டது எடைமேடை அறையைத்தான். அங்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடுகிறது, தனி பேட்டரி இருக்கிறது, சாட்சிக்கு அதைவிட நல்ல இடமில்லை. லோகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னா நெனச்சிக்கினு கீற? அந்த மேரி ரூம்ல என் மில்லோட ஓட்டா? அது என் கையில இருக்கணும்." தப்பு என்று அவளுக்குத் தெரியும். வேலையை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தது, அப்பாவின் கடைக்குப் பழகிய மனிதர் வேறு. சரி சார் என்றாள். சோதனை நாளில் லேப்டாப் மேசைமேல் திறந்தே இருந்தது. ஒரு சர்வரை நிறுத்தினாள், மற்றது தாங்கியது. பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டுச் சோதிக்கவில்லை. மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான் மூடவில்லை.

இதையெல்லாம் நினைக்க நினைக்க, துப்பலும் புழுக்கையும் தேவலை என்று தோன்றியது.

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே நின்றபடி போனில் மெயில் எழுதினாள். சர்வரின் பதிவு, தவிட்டின் படம், பழைய சோதனைத் தாள் மூன்றையும் இணைத்தாள். 'பாக்கியமேரி எதையும் பிடுங்கவில்லை. சாட்சியை மேனேஜரின் லேப்டாப்பில் வைக்கச் சொன்னவர் திரு. லோகநாதன். தவறு என்று தெரிந்தே வைத்தவள் நான். சோதனையை முழுதாகச் செய்யாமல் பாஸ் போட்டதும் நான்.' முதலாளிக்கும் தன் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டு, திரையை அவரிடம் காட்டினாள்.

"பைத்தியமா உனக்கு? வேல போவும்டி!"

"போகட்டும் சார்."

மத்தியானத்துக்குள் புது பவர் சப்ளை மாட்டி, சாட்சியை எடைமேடை அறைக்கு மாற்றினாள். இந்தத் தடவை முழுச் சோதனை. லோகநாதனின் லேப்டாப் மூடிக் கிடந்தது. சனோபர் முதல் சர்வரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, எடைமேடைக்கு ஓடினாள். திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு அடுத்த லாரியின் சீட்டு விழுந்தது. வெளியே நனைந்த நெல்லின் அழுகல் வாடை இன்னும் போகவில்லை.

பாக்கியமேரி சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினாள். பதினோரு வருடமாக அதே ஸ்டூல். திரையின் மூலையில் புதிதாக எரியும் சின்னப் பச்சைப் புள்ளியைப் பார்த்தாள்.

"இம்மாந்தானா மேடம்? இது இங்க இருந்திருந்தா அன்னிக்கு நின்னிருக்காதா?"

"நின்னிருக்காதுக்கா."

"மொதல்லயே இங்க வெக்கறதுக்கு இன்னா?"

சனோபர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டாள். மெயிலில் எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. "கேட்டேன்க்கா. உங்க ரூம்ல வேணாம்னு சார் சொல்லிட்டாரு."

பாக்கியமேரிக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அடுத்த லாரியை மேடை ஏறச் சொல்லிக் கையசைத்தாள்.

"அவரு சொல்வாரு. அவரு எப்பவும் அப்டித்தான். நீ இன்னா சொன்ன?"

"சரி சார்னு சொன்னேன்."

பாக்கியமேரி திரும்பிக்கொண்டு, லாரி நம்பரைத் தட்ட ஆரம்பித்தாள்.