கரகரப்பு காதிலா, பெட்டியிலா

ஓய்வு பெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவருக்குக் கரகரப்பு கேட்கத் தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் தம் கையால் செய்த ஜோடி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், ஒரேயோர் அடித்தொனியில் மட்டும் 'கர்ர்' என்றது. மனைவிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அழைப்புமணியே இரண்டு தரம் அடித்தால்தான் கேட்கும். காது டாக்டரோ, இந்த வயதில் ஏதாவது இரையத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்.

"ஊரார் பெட்டியெல்லாம் பிரிச்சீங்க. இதப் பிரிக்க மட்டும் கை வரலையா?"

"பெட்டி நல்லா இருந்துட்டா?"

"நல்லதுதானே."

"அப்ப காதுதானே போச்சு."

அவள் பரண்மேல் கிடந்த தொனி எழுப்பும் கருவியை இறக்கித் தூசி தட்டினாள்.

கல்யாணமான புதிதில் இருந்த ஒற்றை அறைக் குடித்தனத்தில் இதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. அவர் குமிழைத் திருகி, அடியிலிருந்து தொனியை மெல்ல மெல்ல ஏற்றுவார். எங்கேயாவது அதிர்ந்தால் அவள் உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடிப்பாள்: கடிகாரக் கண்ணாடி, தூக்குவாளி மூடி, ஜன்னல் கொக்கி. காது அவருடையது, கை அவளுடையது. வண்டு வளர்க்கிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதை நினைத்து இப்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

கருவியை ஸ்பீக்கரில் இணைத்துக் குமிழைத் திருகினார். 'கர்ர்.' அவள் வலப்பக்கப் பெட்டியைத் தொட்டாள், உதட்டைப் பிதுக்கினாள். இடப்பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"இங்கதான்."

"என் மனசுக்காகச் சொல்றியா?"

"உங்க மனசுக்காக நான் என்னைக்கு எதச் சொன்னேன்?"

பெட்டியைப் பிரித்தார். எதிரொலியை அடக்க உள்ளே வைத்திருந்த இலவம்பஞ்சு அவள் தலையணையிலிருந்து எடுத்தது. பஞ்சைப் பொதிந்த துணி நைந்து, கறுப்பு விதைகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மாட்டியிருந்தது. கூம்பு அந்தத் தொனியில் அதிரும்போதெல்லாம் அதுதான் உரசியிருக்கிறது.

"வெத ஒண்ணுவிடாமப் பொறுக்கிட்டேன்னு சொன்னியே?"

"பாதியிலயே தூக்கம் வந்துடுச்சு. எத்தன வருஷத்துக் கத, இப்ப வந்து கேக்குறீங்க."

கோபப்படத்தான் பார்த்தார், வரவில்லை. எந்த டாக்டரும் சொல்லாத நல்ல சேதியை, மிளகளவு விதையொன்று சொல்லியிருந்தது. விதையை எடுத்துவிட்டு, பஞ்சைப் புதுத் துணியில் கட்டி, பெட்டியை மூடி, தொனியை ஏற்றினார். கரகரத்த இடத்தில் தொனி வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்ப இறக்கினார், ஏற்றினார்.

அதான் சரியாகிவிட்டதே, சாப்பிட வரக்கூடாதா என்று கேட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ," என்றார்.