சுவருக்கு அப்பால் மைக்

என் தையல்கடைக்கும் செஞ்சி போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களுடைய வயர்லெஸ் மைக் நாள் முழுக்கக் கத்தும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, மறதி நோயுள்ள என் அப்பாவை, எங்கள் நைனாவைக் காணவில்லை. தெருத்தெருவாகத் தேடிவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது மைக் கத்தியது.

"வல்லம் ரோட்ல ஒரு பெரியவரு. பேரு தெரியலன்றாரு. இட்லி குடுத்தா, பொழுது சாஞ்சிடுச்சு, சாப்ட மாட்டேன்றாரு. ஓவர்."

நாங்கள் சமணர்கள், இருட்டினால் சாப்பிடுவதில்லை. பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை. "அது எங்க நைனா சார்!" என்று ஸ்டேஷனுக்குள் ஓடினேன்.

ஏட்டு மைக்கில் சொன்னார். பதில் வந்தது.

"கூட்டினு வரோம். அவரு பட்டினியா இருக்கறப்ப, நாங்களும் எங்க சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிக்கல. ஓவர்."

மறுநாள் எனக்குப் பயந்து மைக்கை மெதுவாக வைத்திருந்தார்கள். சுவரைத் தட்டினேன்.

"சத்தமா வைங்க சார்!"