ராகு காலத்துக்கு என் கையெழுத்தா?

"ஏ பிரீத்தி, இந்தத் தாள்ல எல்லா எழுத்தையும், நம்பரையும் எழுதிக் குடு. உன் கையெழுத்து எம்புட்டு லட்சணமா இருக்கு!"

"எதுக்குங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு ஃபாண்ட் பண்ணுவோம்."

"பண்ணும்போது நானும் பிரஸ்ஸுக்கு வரலாம்ல?"

"அங்கன எதுக்கு நீ வந்துக்கிட்டு? மை வாடை தாங்காது உனக்கு." கணவன் ஸ்ரீராம்குமார் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினான்.

போன வருடம் பேசிய பேச்சு அது. மதுரையில் டிசைன் படித்து, கல்யாணத்துக்கு முன்பு பத்திரிகை அட்டைகள் வடிவமைத்தவள் பிரீத்திகா. மை வாடை அவளுக்குப் புதிதா? 'நானும் வேலைக்கு வாறேன்' என்பது அன்றும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. அந்த வீட்டு மருமகள்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பிரஸ்ஸுக்குப் போவதில்லை. சம்பளத்துக்கு வரும் பெண்கள் மட்டும் போகலாம்.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் விதிவிலக்கு. அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைச் சாமி படத்தின் முன் வைத்துப் பூசை போடும் நாள். வீட்டுப் பெண்களும் காரில் வந்து இறங்குவார்கள்.

இந்த வருடம் சூடம் அணைந்ததும் பிரீத்திகா ஆல்பத்தைப் புரட்டினாள். மேலே 'புத்தாண்டு வாழ்த்துகள்' அவள் கையெழுத்தில், பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் அழகாக இருந்தது. கீழே தேதி கிழிக்கும் தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீரென்றது. ராகு காலம், எமகண்டம், திதி எல்லாமே அதே சாய்ந்த எழுத்தில், எறும்பு மொய்த்ததுபோல்.

"இதை யாரு பார்த்து ஓகே பண்ணுனது?"

"நல்லாத்தான இருக்கு?" என்றார் மாமியார் சொர்ணலட்சுமி. "இந்த எழுத்துக்குச் சொர்ணம்னு எம் பேரை வேற வச்சிருக்கான்."

"ஓ, அதான் மூஞ்சி இப்படிப் போகுதா?" என்றான் ஸ்ரீராம்குமார். "அடுத்த ஃபாண்டுக்கு உம் பேரு."

"பேரை ஆட்டுக்குட்டிக்குக்கூட வைக்கலாம். இந்தாங்க, ராகு காலம் எப்ப? வாசிங்க."

அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஏழரை... இல்ல, ஒன்றரை..."

"வியாழக்கிழமைன்னு பார்த்துத்தான ஒன்றரைங்கிறீக? உங்க கம்பெனிக் காலண்டரை உங்களாலயே வாசிக்க முடியல. இந்த எழுத்து கல்யாணப் பத்திரிகையில, வாழ்த்து அட்டையில பெரிசா நாலு வார்த்தைக்கு ஆகும். பொடி எழுத்துக்கு ஆகுமா?" மேசையில் கிடந்த வெடிப்பெட்டி லேபிளையும் எடுத்து அவன் முன்னால் போட்டாள். "'கையில் பிடித்து வெடிக்காதீர்கள்'னு இதுலயும் டான்ஸ் ஆடுது. எந்தப் பிள்ளை இதை வாசிச்சுட்டுத் திரி கொளுத்தும்? என் கையை வாங்கிக்கிட்டீக. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிரஸ் ஊழியர் வேல்விழி சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

"சரி சரி, மாத்திக்கலாம்." அவன் குரல் தாழ்ந்தது. "பூசை முடிஞ்சுட்டுல்ல? அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"வாம்மா, கார் நிக்கு," என்று சொர்ணலட்சுமி அவள் கையைத் தொட்டார்.

பிரீத்திகா நகரவில்லை. கணவனை நேராகப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போறதுக்கு நான் படிக்கலைங்க. எனக்கு இங்கன வேலை வேணும்."