ஒரு சாண் குறைந்த குழாய்

இரும்புக் குழாயில் கை தேர்ந்த ஃபிட்டர் அவர். நகரத்தின் பெரிய குடிநீர்க் குழாயை இரும்பிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மாற்றியபோது, மேஸ்திரியாக இருந்த மனைவியின் அண்ணன் தயவில் அவருக்கும் இடம் கிடைத்தது. கடைசி இணைப்பைச் சரியாக முடித்தால் புதுக் குழாய் வேலையிலேயே நீடிக்கலாம். பிசகினால் பம்ப் ரூமில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பள்ளத்தில் வால்வு வரை நூற்றைம்பது அடிக்குக் கிடந்த குழாயை உச்சிவெயிலில் அளந்தார், அறுத்தார், போல்ட் மாட்டும் வளையத்தை முனையில் வைத்து உருக்கி ஒட்டினார். வால்வோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. போல்ட் மட்டும் மறுநாள் வரும் என்றார்கள்.

காலையில் வந்து பார்த்தால் குழாய்க்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நேராகக் காவலாளியிடம் போனார்.

"நேத்து ராத்திரி இங்க யாரு வந்தா?"

"நாய் வந்துச்சு."

"குழாயில ஒரு சாண் அறுத்துட்டுப் போயிருக்காங்கய்யா!"

"அறுத்துட்டு, வளையத்தை மறுபடி ஒட்டியும் வச்சுட்டானா? தங்கமான திருடன்."

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்ள, இது இரும்பு இல்ல. வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். பயிற்சியில சொன்னாங்களே?"

"அன்னிக்கு உங்க தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன் மச்சான்."

"அவ தலையில போட்டாச்சா? சரி, வாயை மூடிட்டு இருங்க. மத்தியானம் இன்ஜினியர் வர்றப்ப தானா சேர்ந்துடும். போல்ட்டை முறுக்கி மண்ணைத் தள்ளிடலாம்."

"அப்புறம் உள்ள தண்ணி ஓடிக் குளிர்ந்தா இழுக்குமே?"

"இழுக்கும். அப்ப நாம வேற தெருவுல இருப்போம்."

மத்தியானம், கோபித்துக்கொண்டு போன சம்பந்தி சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியதுபோல, குழாய் வால்வை வந்து தொட்டது.

"பிரமாதம், மாட்டுங்க," என்றார் இன்ஜினியர்.

ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"சார், இது ஒரு சாண் குறையுது."

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "எங்கய்யா?"

"இப்ப இல்ல சார். காலையில இருந்துச்சு."

"வெயில், சார்," என்ற மேஸ்திரி, தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

ஃபிட்டர் பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரியின் ஹோஸை இழுத்து வந்து குழாயின் மேல் நெடுக அடித்தார். ஆவி பறந்தது. மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வளையம் சத்தமில்லாமல் வால்வை விட்டு விலகியது. இன்ஜினியர் இடைவெளியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலை விட்டார்.

"அளந்தது யாரு?"

"நான்தான் சார். உச்சிவெயில்ல."

"நீளமா வேற துண்டு வரட்டும். காலைக் குளிர்ல வேற ஆள் அளக்கட்டும்."

ஃபிட்டர் ஸ்பேனரை மேஸ்திரியிடம் நீட்டினார்.

"பம்ப் ரூம்ல ஃபேன் இருக்கா மச்சான்?"

"இருக்கு. ஓடாது."