இண்டூர்-14

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது குடுவைகளும் தெளிந்திருந்தன. முந்தின நாள் மாலை நசீம் பானு தாய்க்கரைசலை ஊற்றி வைத்தபோது அவை கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தன. கலங்கல் என்றால் உள்ளே பாக்டீரியா இருக்கிறது என்று பொருள். இப்போது குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது.

தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் நிலக்கடலை விதையோடு கலக்கும் நுண்ணுயிர்ப் பொட்டலங்கள் தயாராயின. கடலை வேரில் முடிச்சு போட்டு உட்கார்ந்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அது. இண்டூரில் விவசாயி பச்சியப்பனின் கடலைக் காட்டில் ஒரு செடியின் வேர் முடிச்சிலிருந்து நசீம் பிரித்தெடுத்த வகைக்கு இண்டூர்-14 என்று பேர். அதற்கு முந்தைய பதின்மூன்றும் தேறவில்லை. இதைத் தேற்ற மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1986 ஆடிப் பட்டத்துக்கு அது முதல்முறையாகப் பொட்டலத்தில் போக இருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் மாதேஸ்வரன் ஒரு குடுவையை முகர்ந்து பார்த்தார்.

"பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ் இது. வெளியில இருந்து வந்திருக்கு. மண்ணு கிண்ணு எதாச்சும் உள்ள கொண்டு போனீங்களா?"

"இல்லீங்க சார். கை கழுவிட்டுத்தான் போனேன்."

"அப்பறம் எப்படிம்மா வந்துச்சு, பஸ் ஏறியா?" என்றார். "இண்டூர்-14 இருக்கிற எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டுருங்க. ஃபிரிட்ஜ்ல இருக்கிற டியூபையும் சேத்து. நான் கோயம்புத்தூர் மீட்டிங் போயிட்டுத் திங்கக்கிழமை வரேன். அதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். இந்த வருஷமும் பழைய அரூர் வகையே பொட்டலத்துல போகட்டும்."

ஆட்டோகிளேவ் ஒரு பெரிய பிரஷர் குக்கர். அதற்குள் போனது எதுவும் உயிரோடு திரும்பாது. ஃபிரிட்ஜில் ஆறு டியூப்கள் இருந்தன. அவையும் போனால் இண்டூர்-14 உலகத்தில் எங்கேயும் கிடையாது, பச்சியப்பன் காட்டு மண்ணைத் தவிர. அங்கே மறுபடி தேடிப் பிடிக்க இன்னொரு மூன்று வருஷம்.

திங்கள் வரை நேரம் இருக்கிறது என்று நசீம் எண்ணிக்கொண்டாள். தெளிந்த நீரை, பாக்டீரியாவைத் தடுத்து வைரஸை மட்டும் விடும் சன்னமான வடிகட்டியில் வடித்தாள். ஒரு பெட்ரித் தட்டில் ஃபிரிட்ஜில் இருந்த இண்டூர்-14ஐப் பரப்பினாள்; இன்னொன்றில் அரூர் வகையை. இரண்டிலும் வடித்த நீரைச் சொட்டாக விட்டாள். வைரஸ் எதைக் கொல்கிறதோ அந்தத் தட்டில் வட்ட வட்டமாக ஓட்டை விழும். ஆனால் இந்த பாக்டீரியா மெதுவாக வளர்வது. ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வளர்ப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், கால் மணி நேரத்தில் மறுபடி திறந்தாள்.

"அடை காக்குற கோழிகூட இத்தன தடவ எந்திரிச்சுப் பாக்காதும்மா" என்றார் அட்டெண்டர் சென்றாயன்.

வீட்டில் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா ஹசீனா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "உடம்பு மட்டும்தான் வூட்டுக்கு வருது. உசுரை அங்க எந்த டப்பாவுல வெச்சிருக்க?"

ஞாயிற்றுக்கிழமை அரூர்த் தட்டு முழுக்க ஓட்டைகள். இண்டூர்-14 தட்டில் ஒன்றுகூட இல்லை.

குடுவையில் செத்தது இண்டூர்-14. அதைக் கொன்ற வைரஸ் தட்டில் அதை ஏன் தொடவில்லை? நசீம் அலமாரியிலிருந்த பாடப்புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தாள். சில வைரஸ்கள் உள்ளே நுழைந்ததும் கொல்வதில்லை. தங்கள் டி.என்.ஏ.வை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தூங்குகின்றன. ஒரு புரதம் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. அதே வைரஸ் வெளியிலிருந்து வந்தாலும் அந்தப் பூட்டு அதை எழும்ப விடாது. டி.என்.ஏ. காயப்பட்டால் மட்டும், அதைச் சரிசெய்யும் அவசரத்தில் செல் அந்தப் பூட்டையும் உடைத்துவிடுகிறது. வைரஸ் தன்னைக் கத்தரித்துக்கொண்டு வெளியே வந்து, பெருகி, செல்லை வெடிக்கச் செய்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அந்தக் காயம் விழும்.

அவள் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்தாள். போன திங்கட்கிழமை தாய்க்கரைசலை அகலத் தட்டில் ஊற்றி, மூடாமல் வைத்திருந்தபோது கரண்ட் போனது. அறை புழுங்கியதால் வெளியே வந்தாள். டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது; காற்றைச் சுத்தம் செய்யும் நீலப் புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ அக்கறையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அணைத்துவிட்டு அந்தக் கரைசலையே ஒன்பது குடுவைகளிலும் ஊற்றினாள்.

"அந்த நீல லைட்டைப் போட்டது நீங்களாண்ணே?"

"கரண்ட் வந்துட்டுதான்னு ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தேன். சாரும் அந்தப் பக்கம் போகையில அமுக்கினாரு."

"வெளிய வரும்போது கரண்ட் வந்துச்சான்னு நானும் அமுக்கினேன்."

சென்றாயன் விரலை மடக்கினார். "ஒரு அமுக்குக்கு ஆன், மறு அமுக்குக்கு ஆஃப். மூணு அமுக்குன்னா ஆன்லதான் நிக்கும்."

செவ்வாய்க்கிழமையே ஃபிரிட்ஜ் டியூபிலிருந்து வளரப் போட்டிருந்த புது இண்டூர்-14 கரைசல் இப்போது கலங்கலாக இருந்தது; நசீம் அதை இரண்டு தட்டுகளில் ஊற்றினாள். ஒன்றை விளக்கடியில் சிறிது நேரம் வைத்தாள். மற்றதை மூடி வைத்தாள். திங்கள் காலை, மூடி வைத்தது கலங்கலாகவே இருந்தது. விளக்கில் வைத்தது தெளிந்துவிட்டது.

மாதேஸ்வரன் பையோடு நேராக உள்ளே வந்தார். ஆட்டோகிளேவில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. ஆறு டியூப்களும் கூடையில் வெளியேதான் இருந்தன.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"ஞாபகம் இருக்குங்க சார். இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் நான்கு தட்டுகளையும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"லைட்டைப் போட்டது யாரு?"

"மூணு பேருங்க" என்றார் சென்றாயன். "உங்களையும் சேத்து."

மாதேஸ்வரன் அரூர்த் தட்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெளியில இருந்து வந்திருந்தா ரூமைக் கழுவிட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கலாம் நசீம். இது உள்ளயே இருக்குது. இதை எப்படிக் கழுவறது? காட்டுல போய் முழிச்சுக்கிட்டா பக்கத்துல இருக்கிற வகையையும் கொல்லும். அரூர்த் தட்டைப் பாத்தீங்கல்ல?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. காப்பாற்றுவதற்காகத் தேடிய சாட்சி அதன்மேலேயே திரும்பியிருந்தது.

"பச்சியப்பன் காட்டுல அது பாட்டுக்கு இருந்துதுங்க சார். கடலையும் நல்லாத்தான் காச்சுது. எழுப்பிவிட்டது நாமதான்."

"மூடட்டுங்களா?" என்று சென்றாயன் ஆட்டோகிளேவ் பக்கமிருந்து கேட்டார்.

மாதேஸ்வரன் கூடையிலிருந்து இரண்டு டியூப்களை எடுத்தார். "ஒண்ணு ஃபிரிட்ஜுக்கு. ஒண்ணை வளத்து, பச்சியப்பன்கிட்டக் கேட்டுக் கால் ஏக்கராவுல போட்டுப் பாருங்க. பக்கத்துலயே அரூர் வகையும் போடுங்க. பொட்டலத்துக்கு இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் என்னால சொல்ல முடியாது."

மீதி நாலை நசீமே உள்ளே வைத்தாள். சென்றாயன் மூடியைத் திருகினார்.

கையிலிருந்த இரண்டுக்கும் புதுச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. இண்டூர்-14 என்று எழுதி, அதன் கீழே 'உள்ளே வைரஸ் உண்டு' என்று எழுதினாள். விரல் வியர்வையில் மை கலைந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு சீட்டு எடுத்தாள்.