மேல், கீழ் என்று எழுதிய இரண்டு வால்வுகள்

1

இந்தக் கதை ஒரு ஜட்டியிலிருந்து பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜனவரி மாதம், அமெரிக்காவின் மெய்ன் கடற்கரை, வாசலில் முழங்கால் வரை பனி. பக்கத்து வீட்டு டெல்மண்ட், சிங்கி இறால் பிடித்து ஓய்ந்த மனுஷர், வெறும் ஜட்டியோடு சன்னலைத் திறந்துவைத்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். அதே வீட்டின் மறுகோடியில் அவருடைய அக்கா வெர்னா, மீன்பிடி மழைக்கோட்டும் இரண்டு குல்லாவும் மாட்டிக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில், வெயிலடிக்கிற ஃப்ளோரிடா. திரும்பி வருகிற எண்ணமில்லை.

(முதலில் ‘பனி என்பது நினைவின் வெண்மை’ என்றுதான் ஆரம்பித்தேன். தூ! அடித்துவிட்டேன்.)

2

வீட்டைப் புரியவைக்காமல் நகர முடியாது. நீளமான வீடு. மேற்குக் கோடியில், தரைத்தளத்தில், டெல்மண்ட். கிழக்குக் கோடியில், படகுக் கொட்டகைக்கு மேலே உள்ள மாடி அறைகளில், வெர்னா. நிலவறையில் ஒரே பாய்லர். அதிலிருந்து இரண்டு வெந்நீர்க் குழாய்ச் சுற்று, ஆளுக்கொன்று; ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. அறைச் சுவரில் உள்ள சூட்டுத் திருகை ஏற்றினால், வயர் வழியாக நிலவறையில் அந்த வால்வு திறக்கும், வெந்நீர் ஓடும், அறை சூடாகும். பாகப்பிரிவினை செய்த மாதிரி ஆளுக்கு ஒரு சூடு.

குளிருக்கு முன்னால் பழைய திருகுகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். அன்றிலிருந்து வெர்னா எவ்வளவு ஏற்றினாலும் நடுங்குகிறார். டெல்மண்ட் எவ்வளவு இறக்கினாலும் வேகிறார்.

(கண்டுபிடித்துவிட்டீர்களா? சந்தோஷம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.)

“டேய், என் சூட்டையெல்லாம் நீ உறிஞ்சிக்கிறியாடா?”

“நான் எதுக்கு உறிஞ்சறேன்? நானே அவிச்ச உருளைக்கிழங்கா கெடக்கேன்! வேணும்னே பண்றது நீதான்!”

“அப்பா போனப்பவே கதகதப்பான ரூமை அமுக்கிக்கிட்டவன்தானே நீ!”

“படகுக்கு மேல படுத்தாத்தான் தூக்கம் வரும்னது யாரு? நானாக்கா?”

வெர்னாவின் கண்களில் அட்லாண்டிக் கடலின் அத்தனை

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அவர் கண்ணில் இருந்தது ஜலதோஷம்.)

3

ட்ரெவிஸ் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. திருகு மாற்றியவன் அவன்தான், கனெக்டிகட்டிலிருந்து வந்த வெளியூர்க்காரன். நிஜத்தில் இருந்தான் என்பதெல்லாம் ஒரு சாக்கா? கதைக்குள் வந்தால் ஒழுங்காக நடிக்க வேண்டாமா?

முதல் தடவை, குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றான். திறந்துவிட்டான். புஸ்ஸென்று முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அடுத்த தடவை பம்பை மாற்றினான். அதற்கடுத்து இரண்டு வால்வையும் கழற்றி, ஊதி, மாட்டினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. கோளாறு மனுஷங்ககிட்டதான்.”

“கேட்டியாடா? உன்னைத்தான் சொல்றான்” என்றார் வெர்னா.

4

எழுதுகிறவன் தன் கதைக்குள் இறங்கக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழியில்லை. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, வெர்னா டார்ச்சையும் திருப்புளியையும் என் கையில் திணித்துவிட்டார். நிலவறைக்குள் இறங்கினேன்.

இரண்டு வால்வுக்கும் மேலே, அவர்களுடைய அப்பா படகுப் பெயின்ட்டால் எழுதியிருந்தார். ஒன்றில் ‘மேல்’. இன்னொன்றில் ‘கீழ்’.

ட்ரெவிஸ் என்ன செய்திருப்பான்? மாடித் திருகின் வயரை ‘மேல்’ வால்வுக்கும், தரைத்தள வயரை ‘கீழ்’ வால்வுக்கும் கொடுத்துவிட்டான். அடப்பாவி! இந்தக் கடற்கரையில் கிழக்கே போகிற படகு ‘கீழே’ போவதாகத்தான் பேச்சு. மேலைக்காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கம் கீழ்.* அப்பா எழுதியது மாடியும் தரையும் அல்ல, மேற்கும் கிழக்கும். பாய்லர் பக்கத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

*வாசகருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கீழவீதி என்றால் பள்ளத்தில் இருக்கும் வீதி என்று நம்மில் யாராவது நினைப்பார்களா?

ஆக, அக்கா ஏற்றிய சூடெல்லாம் தம்பியைச் சுட்டது. தம்பி இறக்கியதெல்லாம் அக்காவை உறைய வைத்தது.

5

முடிவு ஒன்று: வயரை மாற்றிவிட்டேன். இருவரும் கட்டிப்பிடித்து (இவர்கள் அந்த ரகமில்லை. தள்ளு.)

முடிவு இரண்டு: பாய்லர் வெடித்து (காப்பீட்டுக்காரன் வந்து கதையைக் கெடுப்பான்.)

நடந்ததைச் சொல்கிறேன். விஷயத்தை நிலவறையிலிருந்தே கத்திச் சொன்னேன்.  மேலிருந்து வெர்னாவின் குரல்.

“அப்ப இத்தனை நாளா இந்தக் கழுதையையா நான் குளிர் காய வெச்சேன்?”

“அக்கா, இரு. நான் இங்க ஏத்தறேன். இப்ப வருதா?”

குழாய் டொக் டொக்கென்றது. வெந்நீர் கிழக்கே போனது.

“வருது. இன்னும் கொஞ்சம் ஏத்து.”

“இப்ப?”

“போதும். உனக்கு?”

“எறக்கு தாயே, வெந்துட்டேன்!”

அந்த ‘உனக்கு?’ என்னை என்னவோ செய்துவிட்டது. அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

6

வயரை மாற்றினால் அவரவர் சூடு அவரவர் கையில். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை வெர்னா நிம்மதியாகக் கிளம்பலாம், கிளம்பாமலும் இருக்கலாம். மாற்றாமல் விட்டால், டெல்மண்ட்டின் சூடு வெர்னாவின் சுவரில். வெர்னாவின் சூடு டெல்மண்ட்டின் சுவரில்.

“என்னப்பா, மாத்திட்டியா?” கிழக்கிலிருந்து வெர்னா கத்துகிறார்.

மேற்கே, பலகைத் தரையில் வாயை வைத்து டெல்மண்ட் கிசுகிசுக்கிறார்: “அவசரப்படாதய்யா. அக்கா இல்லாம பஸ் போகட்டும்.”

இந்தாருங்கள், திருப்புளியை நீங்கள் பிடியுங்கள். எனக்குக் குளிரில் விரல் விறைத்துவிட்டது. நிலவறைக்கு மட்டும் யாரும் குழாய் போடவில்லை.